சாப்பிட்டாயா என்று கேட்காத இடம்

டீ நன்றாக இருந்தது மேடம். பன்னை மட்டும் அப்படியே வைத்துவிட்டேன். வாங்கி வந்த கான்ஸ்டபிள் அம்மா தப்பாக நினைக்க வேண்டாம். எதிரில் ஆள் உட்கார்ந்திருந்தால் எனக்குச் சாப்பிட வராது, அவ்வளவுதான்.

நடந்ததைக் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்து பழகியதால் கீபோர்டில் வருகிற வேகம் எனக்குப் பேனாவில் வருவதில்லை. கையெழுத்து கோணலாக இருக்கும். நீங்கள் கேள்வி கேட்ட வரிசையிலும் எழுதவில்லை. எனக்கு எப்படி நடந்ததோ அந்த வரிசையில் எழுதுகிறேன்.

என் பெயர் பிலோமினா. அப்பா லூர்துசாமி தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர். மஞ்சக்குப்பத்தில் எங்களுக்குச் சொந்த வீடு. நான் காலேஜில் படிக்கும்போது அம்மா போனார், 2005இல் அப்பா. தம்பி பெங்களூரில் இருக்கிறான், கிறிஸ்துமஸுக்கு போன் செய்வான். கல்யாணம் எனக்கு ஒத்துவரவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் என் கையைப் பார்த்துவிட்டு, பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

காலேஜில்தான் அது எனக்கு ஆரம்பித்தது. அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்றே அப்போது தெரியாது. நான் சாப்பிடாமல் இருப்பதைத் தவக்கால ஒறுத்தல் என்று அம்மா முதலில் பெருமையாகச் சொன்னார். ஈஸ்டர் முடிந்தும் நான் தட்டைத் தள்ளி வைத்தபோது பங்குச் சாமியாரிடம் கூட்டிப்போனார். அவர் ஜெபித்தார். பக்கத்து வீட்டில் காதல் தோல்வி என்று பேசிக்கொண்டார்கள். ஒரு டாக்டர் பூச்சி மருந்து எழுதிக் கொடுத்தார். ஆசைதான் எனக்கு, ஆனால் முடியவில்லை, பயமாக இருக்கிறது என்று சொன்னால் சோற்றைப் பார்த்து என்ன பயம் என்று கேட்டார்கள். அதற்குப் பதில் தெரியாததால் பேசுவதை விட்டுவிட்டேன்.

2004இல் திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பிரவுசிங் சென்டரில், ஒரு ஆங்கிலத் தளத்தில் கனடாவில் இருக்கிற ஒரு பெண் எழுதியதைப் படித்தேன். விருந்துக்கு அழைப்பு வந்தால் வாரக்கணக்கில் தனக்குத் தூக்கம் வராது என்று எழுதியிருந்தாள். பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்து கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். உலகத்தில் நான் ஒருத்தி இல்லை.

ஆனால் அவர்களுக்கு நம் ஊர் புரியவில்லை. அங்கே ஒருத்தி சாப்பிடாமல் இருந்தால் யாரும் கேட்கமாட்டார்களாம். அதுதான் அவர்கள் குறை. இங்கே பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்து உட்காருகிற அம்மா முதற்கொண்டு எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி அதுதானே. அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஒரு நாளில் எத்தனை பேருக்குப் பொய் சொல்வது? அதனால் 2006இல், வீட்டுக்கே இணைப்பு வாங்கியதும், ஆர்குட்டில் தமிழ்ப் பெண்களுக்கென்று ஒரு குழு தொடங்கினேன். சாப்பிட்டியானு கேக்காதீங்க என்று பெயர் வைத்தேன். தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுவோம். எடையைப் பற்றி யாரும் எழுதக்கூடாது, போட்டோ போடக்கூடாது, சாப்பிடாமல் இருக்க யாரும் யாருக்கும் உபாயம் சொல்லிக்கொடுக்கக்கூடாது என்று விதி வைத்தேன். அதை மீறியவர்களை அன்றைக்கே வெளியேற்றினேன். நான் பொறுப்பில்லாமல் நடத்தினேன் என்று யாரும் சொல்ல முடியாது. இதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

மெல்ல மெல்ல வந்தார்கள். பண்ருட்டி, விருத்தாசலம், திருச்சி, துபாயிலிருந்து கூட ஒருத்தி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் கம்ப்யூட்டரைப் போடுவேன். அது உறுமிக்கொண்டு எழுந்திருக்கிற நேரத்தில் முகம் கழுவிக்கொண்டு வருவேன். அக்கா வந்தாச்சா, அக்கா வந்தாச்சா என்று வரிசையாக வரும். எங்கள் வீட்டில் நான் உள்ளே வருவதை அப்படி யாரும் எதிர்பார்த்திருந்ததில்லை.

மகேஸ்வரி என்று கீரப்பாளையத்திலிருந்து ஒரு பெண். புதிதாகக் கல்யாணமானவள். மாமியார், நாத்தனார் என்று பெரிய குடும்பம். எல்லோருக்கும் பரிமாறுகிறவள் சாப்பிட்டாளா என்பதை யாரும் கவனிக்கவில்லை. மத்தியான வேலை முடிந்ததும் வீட்டுக்காரருடைய கம்ப்யூட்டரில் வந்து என்னோடு பேசுவாள். அவளுக்குத் தலைசுற்றினால் எனக்குத் தெரியும், அவள் அம்மாவுக்குத் தெரியாது. ஒரு நாள் எழுதினாள்: "அக்கா, இன்னைக்கு எங்க வீட்டுக்காரர் கூட உக்காந்து சாப்ட்டேன். அழுவ வரல." குழுவில் எல்லோரும் கொண்டாடினார்கள். நானும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டேன்.

அதற்குப் பிறகு அவள் வருவது குறைந்தது. எப்போதாவது வந்தால் வயல் நடவு, சினிமா, நாத்தனார் சீமந்தம் என்று பேசினாள். பிறகுதான் சொன்னாள், அவள் கடலூரில் டாக்டர் தேவசகாயம் என்பவரிடம் ரொம்ப நாளாகப் போய்க்கொண்டிருந்தாளாம். என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். ஒவ்வொரு முறையும் அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டு என்னைப் பார்க்காமல் போயிருக்கிறாள். கடைசியாகக் குழுவில் ஒரு பதிவு போட்டாள். டாக்டர் நல்ல மாதிரி, திட்டமாட்டார், எல்லோரும் போய்ப் பாருங்கள் என்று எழுதி போன் நம்பரும் கொடுத்திருந்தாள்.

அந்தப் பதிவை நீக்கினேன். குழுவில் விளம்பரம் கூடாது என்று ஏற்கெனவே விதி இருந்தது. மகேஸ்வரியையும் வெளியேற்ற வேண்டியதாயிற்று. "ஏங்க்கா, நான் என்ன தப்பு பண்ணேன்" என்று தனியாக எழுதிக் கேட்டாள். நான் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் கோபத்தில் ஏதாவது சொல்லியிருப்பேன். நான் கோபப்படுகிற ஆள் இல்லை.

அவளைப் பார்த்து ஒன்று புரிந்துகொண்டேன் மேடம். குணமாகிறவர்கள் போய்விடுகிறார்கள். துபாய்ப் பெண் போனாள். பண்ருட்டிப் பெண் பிள்ளை பெற்றுக்கொண்டு போனாள். மிச்சம் இருந்தவர்களில் பாதிப் பேர் ஃபேஸ்புக் வந்ததும் அங்கே போனார்கள். சாயங்காலம் கம்ப்யூட்டரைப் போட்டால் திரை வெறுமனே இருக்கும். மின்சாரம் வேறு நினைத்த நேரத்தில் போகும். இருட்டில் உட்கார்ந்திருப்பேன். கரண்ட் வந்து பார்த்தாலும் யாரும் வந்திருக்கமாட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சினேகா வந்தாள். ஸ்ரீமுஷ்ணத்துப் பெண். கோயில் பக்கம் அப்பாவுக்கு ஜவுளிக்கடை என்றாள். அவளுக்கு எழுத்து நன்றாக வந்தது. மற்றவர்கள் சொல்லத் திணறுவதை அவள் ஒரு வரியில் சொல்லிவிடுவாள். நான் ஒன்று எழுதினால் அதற்கு அவள் ஒன்று எழுதுவாள். அதைப் படித்துவிட்டு மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். குழு மறுபடி கலகலப்பாயிற்று.

சிந்துஜா வந்தது அதற்கு அடுத்த வருடம், 2010இல். சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். கிள்ளைப் பக்கம் மீனவக் குடும்பம். அவர்கள் தெருவிலேயே காலேஜுக்கு வந்த முதல் பெண். குழுவில் எழுதிய முதல் வரி எனக்கு நினைவிருக்கிறது: "மெஸ்ஸுல தட்டோட உக்காந்தா எல்லாரும் என் தட்டையே பாக்குற மாதிரி இருக்குது." சினேகாதான் முதலில் பதில் சொன்னாள். பிறகு நான். சீக்கிரத்தில் மூன்று பேரும் தினமும் பேசுகிற மாதிரி ஆயிற்று.

நேரில் பார்க்க நான்தான் சிதம்பரம் போனேன். உட்கார்ந்து பேச இடம் தேடிக் கீழ வீதியெல்லாம் நடந்தோம். எதுவும் வாங்காமல் இரண்டு பெண்கள் உட்கார நம் ஊரில் ஒரு கடை கிடையாது. கடைசியில் ரயில்வே ஸ்டேஷனில் பிளாட்பார டிக்கெட் வாங்கிக்கொண்டு ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். மே மாத வெயிலில் அவள் துப்பட்டாவை இழுத்து மூடியிருந்தாள், குளிர்கிறது என்றாள். சாப்பிடாத உடம்புக்குக் குளிரும் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் கேட்காமல் என் ஹேண்ட்பேகை அவள் மடியில் வைத்தேன். கொஞ்சம் கதகதப்பாக இருக்கும்.

சுனாமி அலை வந்த வருடம் அவள் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா கரையில் கருவாடு காயப்போடப் போனவர்.

"அம்மாவக் கண்டெடுக்கவே இல்லக்கா," என்றாள். "கேம்ப்ல சாப்பாட்டுப் பொட்டலம் குடுப்பாங்க. எனக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணுன்னு வாங்குவேன். அம்மா பொட்டலத்த எடுத்து வெச்சிடுவேன். அப்பறம் ரெண்டாவது பொட்டலம் தரமாட்டேன்னுட்டாங்க. அதனால என்னோடத எடுத்து வெச்சேன்."

இதை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவிடம்கூட. ரயில் ஒன்று வந்து நின்று போயிற்று. அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டாள். அந்தக் கனம் எவ்வளவு லேசாக இருந்தது என்பது இப்போதும் என் தோளுக்குத் தெரியும். இந்தப் பெண் என்னை விட்டுப் போகமாட்டாள் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அடுத்த வருடம் அவளுடைய காலேஜில் ஒரு பேராசிரியை அம்மா கவனித்திருக்கிறார். தனியாகக் கூப்பிட்டுப் பேசி, இது நோய்தான், வைத்தியம் இருக்கிறது, உனக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறார். சிந்துஜா சந்தோஷமாகக் குழுவில் வந்து கேட்டாள், ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா என்று.

நான் என்ன சொன்னேன் என்று நீங்கள் கம்ப்யூட்டரில் எடுத்துப் பார்த்திருப்பீர்கள். உன் மனசுக்கு எது சரியோ அதைச் செய் என்றுதான் சொன்னேன். டாக்டரிடம் போகாதே என்று நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. சினேகாதான், அவசரப்படாதே, நான் முதலில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், பிறகு நீ போகலாம் என்றாள். அவள் அப்பா அவளை வெளியூரில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அங்கிருந்து சின்னச் சின்னதாக எழுதினாள். கதவைப் பூட்டுகிறார்கள் என்றாள். கையைக் கட்டுகிறார்கள் என்றாள். போனைப் பிடுங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்றாள். பிறகு எழுதவில்லை. ஒரு வாரம் போல ஆனதும் அவள் அண்ணன் அவளுடைய கணக்கிலேயே வந்து, தங்கச்சி தவறிவிட்டாள், உங்கள் எல்லோரையும் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாள் என்று எழுதினார்.

குழுவில் எல்லோரும் அழுதார்கள். திருச்சிப் பெண் மெழுகுவர்த்திப் படம் போட்டாள். சிந்துஜா எனக்கு போன் செய்து வெகுநேரம் விம்மிக்கொண்டிருந்தாள். நானும் அழுதேன். சினேகா இல்லாத சாயங்காலங்கள் எனக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தன.

சிந்துஜா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

ஆகஸ்டில் அவள் ஹாஸ்டல் படிக்கட்டில் மயங்கி விழுந்தாள். வார்டன் அவளுடைய அப்பாவுக்குச் சொல்லிவிட்டார். அவர் பெயர் பொன்னுரங்கம். கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டு வந்து, பேராசிரியை அம்மா சொன்னபடி மகளைக் கடலூருக்குக் கூட்டி வந்தார். அவர்கள் பார்க்க வந்த டாக்டர் அதே தேவசகாயம். சாயங்காலம்தான் பார்ப்பார் என்பதால், அதுவரை அக்கா வீட்டில் இருக்கலாம் என்று சிந்துஜா சொல்லியிருக்கிறாள்.

வாசலில் வந்து நின்றார்கள். அவர் கையில் ஒயர் கூடை, உள்ளே ஈரச் சாக்கில் சுற்றிய நண்டு. டீச்சருக்கு என்று கொண்டுவந்திருந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னால் நுனியில் உட்கார்ந்தார். பெரிய உருவம்; ஆனால் மகளைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்க வூட்ல பொம்பள ஆளு இல்லீங்க டீச்சர்," என்றார். "எனக்குப் பதமா கேக்கத் தெரியல. சாப்புடு கண்ணுன்னா அழுவுது. சத்தம் போட்டா இன்னும் ஜாஸ்தியாவுது. அவுங்கம்மா இருந்தா இந்த நெலமைக்கு வுட்டிருக்காது."

சமையலறையில் சிந்துஜா என் பக்கத்தில் வந்து நின்றாள். அப்பாவுக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, சினேகாக்கு ஆன மாதிரி எனக்கும் ஆயிடுமா?"

"தெரியலம்மா," என்றேன். "அவளும் நம்பித்தான் போனா."

அவள் முகம் வெளுத்துப் போயிற்று. டாக்டரிடம் வேண்டாம் என்று அப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள் என்று என் கையைப் பிடித்தாள். கேளுங்கள் மேடம், அவளேதான் கேட்டாள். நான் உள்ளறைக்குப் போய் கிளினிக்குக்கு போன் செய்துவிட்டு வந்து, டாக்டர் குடும்பத்தோடு வெளியூர் போயிருக்கிறார், அடுத்த வாரம்தான் வருவார் என்று பொன்னுரங்கத்திடம் சொன்னேன். பரீட்சை பயம்தான், பெரிதாக ஒன்றுமில்லை, அதுவரை என்னோடு இருக்கட்டும், நானே கூட்டிப்போகிறேன் என்றும் சொன்னேன். அவர் எழுந்து நின்று கும்பிட்டார். என்னைவிட வயதில் மூத்தவர். போகும்போது மகளின் தலையில் கை வைக்கப் போனவர், வைக்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

நண்டை அடுத்த வீட்டு சின்னம்மாள் அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

அந்த வாரம் பள்ளிக்கு லீவு போட்டேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு வாரம் வந்ததில்லை. காலையில் இரண்டு பேர் எழுந்திருக்கிற சத்தம் வீட்டில் கேட்டது. அவளுக்குத் தலை சீவிவிட்டேன். சீப்பில் வந்த முடியை அவள் பார்ப்பதற்கு முன் சுருட்டி எறிந்தேன். என்னுடைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து குழுவில் வந்ததைப் படித்துக் காட்டுவேன். மத்தியானம் அடுப்பே எரியாத வீட்டில் இரண்டு பேர் நிம்மதியாக இருக்க முடியும் என்பது உங்களுக்குப் புரியாது. தேவாலயத்து மணி அடிக்கும். தெருவில் ஐஸ் வண்டி போகும். நாங்கள் பாட்டுக்கு இருப்போம்.

வாரக் கடைசியில் ஒரு மத்தியானம் சின்னம்மாள் அக்கா வீட்டில் தாளிக்கிற வாசனை வந்தது. சிந்துஜா என்னைப் பார்த்து, "அக்கா, கொஞ்சம் ரசஞ்சோறு இருந்தா குடுங்களேன்," என்றாள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தாள். அவளாகக் கேட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

நான் அவள் கையைத் தடவிக்கொடுத்தேன். "எனக்காகச் சாப்பிட வேணாம்மா. இங்க உன்ன யாரும் கட்டாயப்படுத்தமாட்டாங்க," என்றேன்.

அவள் சரியென்று தலையாட்டினாள். திரும்ப ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்விட்டாள். இதயம் நின்றுவிட்டது என்று வந்து பார்த்த வேறொரு டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தக் காலையைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

பொன்னுரங்கம் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேனில் ஏற்றும்போது என் கையைப் பிடித்து, "கடைசில ஒத்தையா கெடக்கலீங்களே, நீங்க இருந்தீங்களே," என்றார். அது உண்மைதானே. காரியத்துக்குக் கிள்ளை போய் வந்தேன். அவர் வீட்டுச் சுவரில் மனைவி படத்துக்குப் பக்கத்தில் இப்போது மகள் படம்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மகள் போனில் அடிக்கடி சொன்ன சினேகா என்கிற பெண்ணை அவருக்கு நினைவிருந்திருக்கிறது. அந்தப் பெண்ணின் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பியிருக்கிறார். குறை சொல்வதற்கு இல்லை. தன்னைப் போலவே மகளைப் பறிகொடுத்த ஒருவர் பஸ் போகிற தூரத்தில் இருக்கிறார், போய்ப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று நினைத்திருக்கிறார். ஸ்ரீமுஷ்ணத்தில் இறங்கி, கோயிலைச் சுற்றியிருக்கிற ஜவுளிக்கடை ஒவ்வொன்றிலும் ஏறி, அண்மையில் உங்கள் வீட்டில் ஒரு பொண்ணு தவறிப்போச்சா என்று கேட்டிருக்கிறார். மங்கலமான கடைக்குள் வந்து இப்படிக் கேட்கிறவரை ஒருவர் அடிக்கப் போயிருக்கிறார். அன்றைக்கு மழை வேறு.

நேராக என் வீட்டுக்கு வந்தார். வேட்டியெல்லாம் சேறு.

"தேடாத எடமில்லீங்க டீச்சர்," என்றார். "அந்தப் புள்ளையத் தெரிஞ்சவங்க யாருமே இல்ல. நமக்குத்தான் வெலாசம் சரியாத் தெரியலியோ? அந்தப் பெரியவரு இப்ப எப்படி இருக்காரோ. ஒரு எட்டு பாத்துட்டா எனக்குக் கொஞ்சம் ஆறும்."

அவர்கள் கடையை விற்றுவிட்டு ஊரை விட்டே போய்விட்டார்கள் என்று சொன்னேன். அவர் நம்பினார். நம்பியதால்தான் விடவில்லை. புயல் அடித்து, கடலூர் முழுக்க மரம் விழுந்து, கரண்ட் இல்லாமல் ஊரே தவித்தபோதுகூட, அவருடைய படகு உடைந்து கிடந்தபோதுகூட, பொங்கலுக்குப் பிறகு மறுபடி ஸ்ரீமுஷ்ணம் போய், இந்த முறை போலீஸ் ஸ்டேஷனில், ஊரை விட்டுப் போன ஒரு குடும்பத்தைக் கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். யார்மேலும் புகார் சொல்லவில்லை. ஆறுதல் சொல்லத்தான் ஆள் தேடினார். அங்கிருந்த ஒரு எஸ்.ஐ.க்கு இரக்கமும் கம்ப்யூட்டர் ஞானமும் இருந்ததால் இன்று நான் உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் கண்டுபிடித்தது சரி. சினேகா என்று யாரும் இல்லை. அவள் எழுதியதும் நான் எழுதியதும் மஞ்சக்குப்பத்தில் ஒரே மேசையிலிருந்து போனவை. கெடுதல் நினைத்து அவளை உண்டாக்கவில்லை. குழுவில் யாரும் வராத நாட்களில், பேச ஆளில்லாமல்தான் உண்டாக்கினேன். சினேகாவாக ஒன்று எழுதிவிட்டு, வெளியே வந்து, பிலோமினாவாக உள்ளே போய் அதற்கு ஆறுதல் எழுதுவேன். அந்த ஆறுதலைப் படிக்க மறுபடி சினேகாவாகப் போவேன். படிக்கும்போது கண் நிறைந்துவிடும். என்னிடம் அவ்வளவு இதமாக யாரும் பேசியதில்லை.

அவளை ஆஸ்பத்திரியில் சாகவைத்தது சிந்துஜாவுக்காக. அவளுக்கு ஆஸ்பத்திரி என்றால் பயம் வர வேண்டியிருந்தது. அண்ணனாக எழுதியதும் நான். அன்று டாக்டருடைய கிளினிக்குக்கு நான் போன் செய்யவில்லை. உள்ளறையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். டாக்டர் ஊரில்தான் இருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை. சிந்துஜா எழுந்ததுமே நெஞ்சு படபடவென்று வருகிறது என்றாள். உதடு நிறம் மாறியிருந்தது. "அப்பாவுக்கு போன் போடுங்கக்கா, எனக்கு அப்பாவப் பாக்கணும்," என்றாள். தன்னுடைய போனைத் தேடினாள். அது என் கையில் இருந்தது. அணைத்து பீரோ மேல் வைத்தேன். சாயங்காலம் கூப்பிடலாம், கொஞ்சம் படுத்துக்கொள் என்றேன். அப்பா வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவார். டாக்டர் தேவசகாயம் நல்ல மாதிரி, திட்டமாட்டார். பிறகு அவள் தேறிவிடுவாள், தேறினால் எப்போதாவது வந்து சினிமா, கல்யாணம் என்று பேசிவிட்டுப் போவாள்.

சின்னம்மாள் அக்கா கதவைத் தட்டினார். தூங்குகிறாள் என்று சொல்லி அனுப்பினேன். சிந்துஜா உள்ளேயிருந்து ஏதோ சொன்னாள், அது அவருக்குக் கேட்கவில்லை. பிறகு மத்தியானம்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். எந்த நேரத்திலும் எழுந்து போய் போனை எடுத்திருக்கலாம். பீரோ எட்டுகிற தூரம்தான். எழுந்தால் கையை விட வேண்டும் என்று எடுக்கவில்லை. அவள் சாவாள் என்று தெரியுமா என்று நீங்கள் மூன்று முறை கேட்டீர்கள். தெரியும்.

இதில் கையெழுத்துப் போட எனக்குத் தயக்கமில்லை. ஒரே ஒரு உதவி. என் கம்ப்யூட்டரை எடுத்து வந்து வைத்திருக்கிறீர்கள். எடுத்ததற்கு முந்தின நாள் நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு பெண் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். பிளஸ் டூ படிக்கிறாளாம். யாராவது இருக்கீங்களா என்று மட்டும் கேட்டிருக்கிறாள். நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருங்கள், நான் ஒரு வரி எழுதிவிட்டு எழுந்துவிடுகிறேன். யாரும் பதில் சொல்லாவிட்டால் அவள் நேராக ஏதாவது ஒரு டாக்டரிடம் போய்விடுவாள். பாவம், தனியாக.